பாய் விரித்த இடத்தில் ஒரு செம்மரம்

ஜீப்பில் ஏறி வந்த எவருக்கும் கடுக்கானூர்க்காரர்கள் உண்மையைச் சொன்னதே கிடையாது. அது கெட்ட புத்தி இல்லை, பட்ட புத்தி. தேன் இருக்கிறதா என்று கேட்டு வந்த ஜீப் தேனை வழித்துக்கொண்டு போனது, சாமை எங்கே விதைக்கிறீர்கள் என்று கேட்டு வந்த ஜீப் அந்த நிலத்தில் கல் நட்டு இனி இது காடு என்று சொல்லிவிட்டுப் போனது, ஊரில் ஆம்பளைகள் யார் யார் என்று கேட்டு வந்த ஜீப் ஆம்பளைகளையே அள்ளிப் போட்டுக்கொண்டு போனது, ஆகவே அந்த மலையில் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கும்போதே "ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லவும் பழக்கிவிடுவார்கள், தன் பெயரைச் சொல்லத் தெரியாத குழந்தைகூட இஞ்சின் சத்தம் கேட்டால் கையை விரித்துக்காட்டும். அப்படிப்பட்ட ஊரில்தான், தீர்த்தன் பிடிபட்ட சேதி வந்த வாரத்தில், அவன் வழக்கமாகப் பாய் விரிக்கிற இடத்தில், சாணம் மெழுகிய தரையைப் பிளந்துகொண்டு ஒரு செம்மரக் கன்று எழுந்து நின்றது.

தீர்த்தன் கட்டட வேலைக்கு என்று ஒரு மேஸ்திரி கூப்பிட, கலவை தூக்கப் போனவன். வடக்கே தெலுங்கு பேசுகிற சீமையில் பஸ்ஸை நிறுத்தி, உள்ளே ஏறிப் பார்த்து, மலைக்காரன் முகமாகத் தெரிந்தவர்களை எல்லாம் இறக்கி, நீங்கள் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மரம் அவர்கள் மலையில் முளைப்பதில்லை. சந்தனம் தெரியும், கடுக்காய் தெரியும், பலா தெரியும், செம்மரத்தைத் தீர்த்தன் முதன்முதலாகப் பார்த்தது போலீஸ் ஸ்டேஷனில், தன் பக்கத்தில் கட்டையாகச் சாய்த்து வைத்துப் போட்டோ எடுத்தபோதுதான்.

அவன் பெண்டாட்டி சடைச்சி அப்போது நிறைசூலி. காலையில் அடுப்பு மூட்ட எழுந்தவள் அந்தக் கன்றைப் பார்த்தாள், கூச்சல் போடவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை, குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீரை அதன் அடியில் ஊற்றிவிட்டு, அடுத்த வீட்டுப் பொன்னுருவியைக் கூப்பிட்டு, "அக்கா, அவரு வந்துட்டாரு, ஆனா இப்பிடி வந்துக்கீறாரு" என்றாள். பொன்னுருவி வந்து பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள், ஏனென்றால் தீர்த்தன் அவளுக்கு மச்சான் முறை.

அன்றைக்கு ஊர் நாட்டாமை குள்ளப்பன் வந்து உட்கார்ந்தார், மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள், விவாதம் நடந்தது. எப்படி முளைத்தது என்று யாரும் பேசவில்லை, மலையில் அதைவிடப் பெரிய அநியாயங்கள் காரணம் இல்லாமல் நடக்கின்றன. இதை ஆளாகக் கணக்கு வைப்பதா, மரமாகக் கணக்கு வைப்பதா என்பதுதான் பேச்சு. ஆள் என்றால் பங்கு கொடுக்க வேண்டும், கூட்டாக வேலை செய்யும்போது அவன் வீட்டிலிருந்து ஒரு கை வர வேண்டும். மரம் என்றால் அதிலே ஆடு கட்டலாம், துணி காயப்போடலாம். கடைசியில் குள்ளப்பன் தொண்டையைச் செருமி, "அவன் திரும்பி வர்ற மட்டும் இதான் அவன். வந்து வூட்டுக்குள்ள கால வெச்சான்னா இது தன்னால மண்ணுக்குள்ள போயிடும்" என்று தீர்ப்புச் சொன்னார். இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்க அங்கே வக்கீல் யாரும் இல்லை, எல்லோரும் சரி என்று எழுந்து போனார்கள்.

அதற்கப்புறம் அந்த ஊர் அந்த மரத்தோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. சாமை அறுத்தபோது தீர்த்தன் பங்கை மரத்தடியில் குவித்தார்கள், தேன் எடுத்தபோது ஒரு கீற்று அடையை இலையில் வைத்து அதன் எதிரே வைத்தார்கள், அவனோடு சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த பங்காளி ஒருவன் வந்து, தலை குனிந்து உட்கார்ந்து, "தப்பு என் பேர்லதான்டா" என்று சொல்லிவிட்டுப் போனான். மனிதனாக இருந்தபோது தீர்த்தனுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததே இல்லை. சடைச்சிக்கு அதை நினைத்துச் சிரிப்பு வரும், சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வரும்.

மரம் மழைக்கு வளரவில்லை, வெயிலுக்கு வளரவில்லை, வாய்தாவுக்கு வளர்ந்தது. வடக்கே கோர்ட்டில் அவன் பெயரைக் கூப்பிட்டு அடுத்த தேதி போடுகிற அன்றைக்கு இங்கே அது ஒரு முழம் எழும்பும், பட்டை வெடித்து முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாகத் தடிக்கும், மறுநாள் கீழே சந்தையில் யாராவது கேட்டால் ஊர்க்காரர்கள், "எங்க ஆளுக்கு நேத்து தள்ளி வெச்சிட்டாங்க" என்பார்கள், போன் எதுவும் வராமலே. கூரையை எட்டியபோது குள்ளப்பனே ஏறிப் புல்லைப் பிரித்து வழிவிட்டார், மேலே தெரியாதிருக்கச் சுரைக்கொடியைப் படரவிட்டார்கள். அதே பஸ்ஸில் பிடிபட்ட மற்றவர்களின் வீடுகளிலும் ஒவ்வொன்றாக முளைத்துவிட்டிருந்தது, பொன்னுருவியின் வீட்டிலும், அவள் தம்பிக்காக, உரலுக்குப் பக்கத்தில். பெண்கள் ஒருவர் வீட்டு மரத்தை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள், உங்கள் ஆள் எப்படி இருக்கிறார், எங்கள் ஆள் இலை உதிர்த்துவிட்டார், மனசு சரியில்லை போல என்று.

சடைச்சிக்குப் பெண் பிறந்தது. பிள்ளைக்கு அரைஞாண் கட்டுவது தகப்பன் வேலை. தகப்பன் இல்லாவிட்டால் மாமன் கட்டலாம் என்றொரு வழி உண்டு, ஆனால் சடைச்சி ஒத்துக்கொள்ளவில்லை, கறுப்புக் கயிற்றை மரத்தின் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துத்தான் பிள்ளையின் இடுப்பில் கட்டினாள், காவேரி என்று பெயரை மரத்தின் பக்கம் திரும்பிச் சொன்னாள். காவேரி தவழ்ந்தது அந்த மரத்தைச் சுற்றித்தான், பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது அந்தப் பட்டையில்தான், முதல் வார்த்தையாக அப்பா என்று சொன்னதும் அதைப் பார்த்துத்தான். சொன்ன அன்றைக்குச் சடைச்சி சோறு தின்னவில்லை.

வெளியாட்கள் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்திருந்தார்கள். இஞ்சின் சத்தம் வளைவில் கேட்கும்போதே மரம் இருக்கிற வீடுகளின் வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள், உள்ளே அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம், எந்தத் துரையும் எட்டிப் பார்க்க மாட்டான். வேப்பிலைக்கு முன்னால் காக்கிச் சட்டையும் பயப்படும்.

இப்படி இருக்கும்போதுதான் வக்கீல் நூர்ஜஹான் மலையேறி வந்தார். கீழே டவுனில் சட்ட உதவி மையம் என்று ஒன்று உண்டு, காசு இல்லாதவர்களுக்கும் பழங்குடிகளுக்கும் கட்டணம் வாங்காமல் வழக்கு நடத்தித் தருகிற இடம், அங்கிருந்து அனுப்பப்பட்டவர். தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு, வடக்கே போய் அவர்கள் பாஷையிலேயே சண்டை போடுவார். நல்ல மனுஷி. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், கோபம் அடிக்கடி வரும், அதனால் அந்தக் கண்ணாடி எப்போதும் பளபளவென்று இருக்கும். ஒரே குறை, மலைக்கு வேறு வண்டி இல்லாததால் அவரும் ஜீப்பில் வந்தார். நடந்து வந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும் என்று இன்றைக்கும் அங்கே பேசிக்கொள்கிறார்கள்.

"உங்க வீட்டுக்காரருக்காக நான் ஆஜராகறேன். ஒரு பைசா தர வேண்டாம்" என்று அவர் சொன்னதும் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காசு வாங்காதவர் அப்புறம் எதை வாங்கப் போகிறார் என்ற பயம் அவர்களுக்கு. சடைச்சி மட்டும் அவர் செருப்பைப் பார்த்தாள், வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது, இந்த அம்மாவை நம்பலாம் என்று அவளுக்குத் தோன்றியது, காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தாள். ஆனாலும் வாசலில் வேப்பிலையை எடுக்கவில்லை.

நூர்ஜஹான் பலமுறை வந்தார். வரும்போதெல்லாம் அந்த வீட்டில் வேப்பிலை இருந்தது, வரும்போதெல்லாம் அவர் வாசலுக்கு வெளியிலேயே நின்று, "பிள்ளைக்கு இன்னும் சரியாகலையா?" என்று கேட்டு, அடுத்த முறை இளநீர் வாங்கி வந்தார், அப்புறம் ஒரு தடவை டாக்டரையே கூட்டிவருகிறேன் என்றார், குள்ளப்பன் பதறிப்போய் எங்கள் சாமிக்கு ஆகாது என்று தடுத்தார். அந்த இளநீரைச் சடைச்சி மரத்துக்கு ஊற்றினாள். ஊற்றும்போது ஏமாற்றுகிறோமே என்று இருந்தது, ஆனால் வீட்டுக்குள் செம்மரம் நிற்கிறது என்று எந்த வாயால் சொல்வது, செம்மரத்துக்காகத்தானே அவனை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் நூர்ஜஹான் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே முகம் மலர்ந்திருந்தது. பலாமரத்தடியில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"ஜாமீன் கிடைக்கப் போகுது. ஜட்ஜ் ஒரு நிபந்தனை போடுவேன்னு சொல்றாரு. செம்மரம் எங்க இருந்தாலும் அந்த இடத்துக்குள்ள இவர் கால் வைக்கக் கூடாது, வெச்சா ஜாமீன் ரத்து, திரும்ப உள்ள. நான் ஒத்துக்கறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்கணும். இந்த மலையில எங்கயாவது அந்த மரம் இருக்கா?"

சடைச்சி வாயைத் திறந்தாள். அவள் சொல்லிவிடத்தான் நினைத்தாள், அதற்குள் பழக்கம் முந்திக்கொண்டது.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார் குள்ளப்பன்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் பொன்னுருவி.

"ஒரு கன்னுகூட இல்லீங்களா?"

"நாங்க கண்ணால கண்டதில்லீங்க" என்று ஊரே சொன்னது.

நூர்ஜஹான் சடைச்சியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா, நீங்கதான் அவர் வீட்டுக்காரி. யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் வந்து கால் வைத்ததும் அது மண்ணுக்குள் போய்விடும், நாட்டாமை சொல்லியிருக்கிறார், அப்புறம் எதற்கு வீண் வம்பு, இப்போது வாயைத் திறந்தால் வரப்போகிற ஜாமீனும் போய்விடும், இத்தனையும் ஒரு மூச்சில் அவளுக்குள் ஓடின. கையை விரித்தாள். "ஒண்ணும் இல்லீங்க வக்கீலம்மா."

"அப்பாடா" என்று நூர்ஜஹான் கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்தார். "அப்போ நிபந்தனை ஒரு பிரச்சினையே இல்ல."

தீர்த்தன் வருகிற அன்றைக்கு விடிந்ததும் சடைச்சி முதலில் மரத்தைத்தான் பார்த்தாள். நின்றுகொண்டிருந்தது, கிளையெல்லாம் மஞ்சளாகப் பூத்துத் தரையில் உதிர்த்திருந்தது. குள்ளப்பன் வந்து பார்த்துவிட்டு, "கால வெக்கணும், வெச்சாத்தான் போவும்" என்றார், ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. வேப்பிலையை எடுத்து எறிந்தார்கள், வாசல் தெளித்தார்கள், தட்டில் ஆலம் கரைத்தார்கள். பொன்னுருவிக்குத் தன் தம்பி வராத வருத்தம் இருந்தாலும் எல்லோரையும்விட ஓடியாடி வேலை செய்தாள்.

உச்சி வெயிலில் ஜீப் வந்தது. நூர்ஜஹான் முன்னால் இறங்கினார், அவருக்குப் பின்னால் தீர்த்தன் இறங்கினான், போனபோது இருந்ததில் பாதிதான் திரும்பி வந்திருந்தது. யாரைப் பார்த்தாலும் கைகளைக் கட்டிக்கொண்டு கும்பிடு போட்டான், சொந்தப் பங்காளியையே ஐயா என்று கூப்பிட்டான். குலவை போட்டார்கள், அவனுக்கு அது அதட்டலாகக் கேட்டதோ என்னவோ, உடம்பு தூக்கிப்போட்டது. ஆலம் சுற்றி நெற்றியில் வைத்ததும், "வலது கால எடுத்து வெச்சி வாய்யா" என்றாள் சடைச்சி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அழக்கூடாது அழக்கூடாது என்று உதட்டைக் கடித்தபடி.

அவன் காலைத் தூக்கினான். நிலைப்படிக்கு மேலே கால் இருக்கும்போதே உள்ளே பார்த்தான். தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தான், இன்னொரு காலையும் பின்னால் வைத்தான், முற்றத்தைத் தாண்டி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, முதுகைத் திருப்பாமலே பின்னால் போய்க்கொண்டே இருந்தான்.

"அது கீதே" என்றான். "உள்ள அது கீதே சடச்சி."

"அது நீதான்யா. நீ போனதுலேந்து நீதான் உள்ள நிக்கற. தண்ணி ஊத்தி வளத்துக்கீறேன். ஒரு தரம் உள்ள வா, அது போயிடும்."

"கால வெக்கக் கூடாதுன்னு கோர்ட்டுல பெரிய ஐயா சொல்லிக்கீறாரு. தலையாட்டிட்டு வந்துக்கீறேன்."

நூர்ஜஹான் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு விறுவிறென்று வீட்டுக்குள் போனார். அத்தனை நாள் வெளியிலேயே நின்றவர் முதல்முறையாக உள்ளே போனார். மரத்தைத் தொட்டுப் பார்த்தார், அண்ணாந்து கூரையைப் பார்த்தார், உதிர்ந்த பூவைக் கையில் எடுத்தார். இது எப்படி முளைத்தது என்று அவரும் கேட்கவில்லை. வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

"கேட்டேனே சடைச்சி. உங்க முகத்தைப் பார்த்துத்தானே கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த நிபந்தனையை நான் ஏத்துக்கிட்டிருப்பேனா? உசிரைக் கொடுத்தாவது வேற வாங்கியிருப்பேன். என்கிட்ட ஏன் மறைச்சீங்க? நான் உங்க வக்கீல் இல்லையா?"

சடைச்சிக்குத் தலை நிமிரவில்லை. "ஜீப்புல வந்தவங்ககிட்ட சொல்லி எங்களுக்கு நல்லது நடந்ததே இல்லீங்க. நீங்க வேற மாதிரின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினேதான் மறைச்சேன்."

குள்ளப்பன் முன்னால் வந்தார். இத்தனை நாள் தான் சொன்ன தீர்ப்பு முற்றத்தில் சந்தி சிரித்துவிட்டதே என்ற அவமானம் அவருக்கு. "வெட்டிப் போட்டுடலாமுங்களா?" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கூட்டத்தில் ஒரு பெண் ஐயோ என்றாள். எதைச் செய்தான் என்று அவனை அடித்துச் சிறையில் போட்டார்களோ, அதை அந்த மலையில் இதுவரை ஒருவர்கூடச் செய்ததில்லை. இப்போது அவனை வீட்டுக்குள் கூப்பிட வேண்டுமானால் அதையே செய்தாக வேண்டும். சடைச்சி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "யார் வெட்டுவீங்க? இவருக்காக நின்னவரு அவரு. என் புள்ள அவரைப் புடிச்சித்தான் நடந்துது."

"வெட்டினா புதுக் கேஸ்" என்றார் நூர்ஜஹான் சோர்ந்து போய். "வெட்டாம இவர் உள்ள போனா பழைய கேஸ். எவனாவது ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாப் போதும். நிபந்தனையைத் திருத்தச் சொல்லி மனு போடறேன், நாளைக்கே போடறேன். ஆனா நாள் ஆகும்மா. தேதி தருவாங்க, தள்ளி வைப்பாங்க, திரும்பத் தேதி தருவாங்க." ஒவ்வொரு தேதிக்கும் உள்ளே மரம் ஒரு முழம் எழும்புமே என்று சடைச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது பொன்னுருவி யாரும் கேட்காமலே பேசினாள். "வக்கீலம்மா, எங்க வூட்லயும் கீது. என் தம்பிது. ஒரல் பக்கத்துல." அவள் புருஷன் அவள் கையைப் பிடித்து இழுத்தான், அவள் உதறினாள். "வுடுய்யா, சொல்லாம இருந்து இன்னா கிழிச்சோம். இனிமே வர்றவனுக்காவது வூட்டுக்குள்ள போவ வழி வேணும்." அதன்பிறகு இன்னொருத்தி சொன்னாள், அப்புறம் இன்னொருத்தி. நூர்ஜஹான் அந்த இடத்திலேயே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தியையும் கேட்டார், அந்த ஊர் முதல்முறையாக வெளியாள் ஒருத்தருக்கு இருப்பதை இருக்கிறது என்று சொன்னது. சொல்வது அவர்களுக்குப் பழக்கம் இல்லாததால் தப்பும் தவறுமாக, நடுநடுவே அழுதுகொண்டு, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள்.

அந்தச் சந்தடியில் காவேரி சடைச்சியின் இடுப்பிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. முற்றத்துக்கு அந்தப்பக்கம் ஒற்றையாக நின்ற ஆளைக் கொஞ்சநேரம் பார்த்தது. தீர்த்தன் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி, "வாம்மா" என்றான். முகம் தெரியாத ஆள் கூப்பிட்டதும் பிள்ளை பயந்து, திரும்பி, தள்ளாடி ஓடி, நிலைப்படியைத் தவழ்ந்து கடந்து, மரத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா" என்று அழுதது.

தீர்த்தன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். எழுந்தான். பிள்ளை மேல் கோபம் இல்லை, மரத்தின் மேலும் இல்லை, அவன் முகத்தில் ஜெயிலில் பழகிக்கொண்ட அந்தப் பணிவு மட்டுமே இருந்தது, அதைத்தான் சடைச்சியால் பார்க்க முடியவில்லை. அவன் பலாமரத்தடிக்குப் போனான், அங்கிருந்து வாசல் தெரிகிறதா என்று பார்த்தான், தெரிந்தது, போதாது என்று நினைத்தானோ என்னவோ இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனான், மாட்டுக் கொட்டகைக்கு அப்பால், வெயிலில்.

"உக்காருய்யா" என்றாள் சடைச்சி, ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து. "இங்கியே உக்காரு, நானும் உன்கூடவே உக்காந்துக்கறேன்."

அவன் அவள் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, பெண்களுக்கு நடுவில் மண்ணில் உட்கார்ந்திருந்த நூர்ஜஹானை நோக்கிக் குரல் கொடுத்தான்.

"வக்கீலம்மா, எம்மாந் தூரம் தள்ளி உக்காரணும்னு அங்க யாரும் சொல்லலீங்க. இது போதுமா, இன்னும் போவணுமா?"

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு நூர்ஜஹானைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று, வாசலிலிருந்து அவன் நின்ற இடம் வரைக்கும் கண்ணால் அளந்தார். அவர் சொல்கிற வரைக்கும் தீர்த்தன் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான்.